ஆறுமணிக்குருவிக்காக நின்ற தறிகள்

1993 அக்டோபர் 20, புதன்கிழமை. மாமா குறித்து வைத்ததால் தேதியில் சந்தேகமில்லை. நாலேகாலுக்குப் பள்ளியிலிருந்து வந்தேன். பன் தின்றேன். வெண்ணந்தூரில் எங்கள் விசைத்தறிக் கொட்டகையில் ஐந்து மணிவரை அம்மாவுடன் நூல் சுற்றினேன். எனக்கு ஒன்பது வயது.

அம்மாவின் தம்பியான மாமா எங்கள் கொட்டகையில்தான் தறி ஓட்டினார். மற்ற நேரமெல்லாம் பறவை பார்ப்பார். ஐப்பசியில் வடக்கிலிருந்து வந்து இறங்குபவற்றை நாள், மணி, மரம் போட்டு நோட்டில் எழுதுவார். முந்தைய நாள், கொல்லைப் புளியமரத்தடிச் சருகில் ஆறுமணிக்குருவியைப் பார்த்திருந்தார். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணிவாக்கில் கூவுகிற குருவி. இரண்டு வருடமாக அதை எழுதியனுப்பியும், சேலத்தில் பறவைக் கணக்கு வைத்திருந்த வாத்தியார் ஒருவர் நம்பவில்லை. "தறிச் சத்தத்தில் உங்களுக்கு எது கேட்டதோ" என்று பதில் போட்டிருந்தார். குரலைப் பிடித்து அவர் மேசைமேல் வைத்துவிட வேண்டும், மாமாவுக்கு அவ்வளவுதான். டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கினார். பேட்டரி பாதியில் தீர்ந்துவிடும் என்று பயந்து, கொட்டகைப் பிளக்கிலிருந்து மரத்தடிவரை ஒயர் இழுத்தார்.

தறிகள்தான் நிற்கவில்லை.

"அஞ்சே நிமிசமுங்க மச்சான்" என்று அப்பாவிடம் கேட்டார்.

"குருவி கத்தறதுக்குத் தறிய நிறுத்தறதா? நல்லா இருக்குதுங்க மாப்ள உங்க ஞாயம்! அதைய வேணா கொஞ்சம் சத்தமாக் கத்தச் சொல்லுங்க."

தறியாட்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டுப் போய் மரத்தடியில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஆறடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் முக்காலியில் ஏறி, மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன்.

நான்கு தறிகளும் நின்றன. அப்படியோர் அமைதியை அந்த இடத்தில் நான் அறிந்ததே இல்லை. "கரண்டு போயிருச்சா?" என்று அப்பா வெளியே வந்தார், பின்னாலேயே ஆட்கள். அப்போதுதான் கூவியது. சீழ்க்கை போல இரண்டே சுரம், திரும்பத் திரும்ப. அப்பா படியிலேயே நின்றுவிட்டார்.

அது ஓய்ந்ததும் மரத்தடிக்கு ஓடினேன். "மாமா, நாந்தாங்க நிறுத்துனேன்! புடிச்சிட்டீங்களா?"

மாமா சுழலாமல் கிடந்த கேசட்டைப் பார்த்தார். பிறகு ஒயரை. பிறகு என்னை.

"காதுல புடிச்சுக்கிட்டேன் சாமி."

விஷயம் புரிந்து ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"நாளைக்குப் புடிச்சுக்கலாங்க மாமா" என்றேன். எங்கள் மரத்துக் குருவி எங்கே போய்விடும்?

மறுநாள் விடியலில் முதல் வேலையாக, ஐந்தே முக்காலுக்கு, அப்பா கொட்டகைக்குள் போய் இரவு ஷிப்டில் ஓடிக்கொண்டிருந்த நான்கு தறிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். மெயினைத் தொடவில்லை. வந்து மாமா பக்கத்தில் குந்திக்கொண்டார். கேசட் சுழன்றது. காக்கைகள் கத்தின. குருவி கூவவில்லை. ஓரிரு நாள் இளைப்பாறிவிட்டு அவை இரவோடு தெற்கே கிளம்பிவிடும் என்பது மாமாவுக்குத் தெரியும். தெரிந்தும், அப்பாவிடம் அதைச் சொல்லாமல், ஆறரை மணிவரை அவர் ஏன் காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.