பனி அளக்க ஒரு புளியமரம்

இன்று காலை காபி குடித்துக்கொண்டே ஒரு வீடியோ பார்த்தேன். கோபம் தலைக்கேறிவிட்டது.

வீடியோ மேல் கோபமில்லை. விமான நிலையத்தில் லேசர் ஒளியைப் பனிமூட்டத்துக்குள் அனுப்பி, அது எவ்வளவு சிதறித் திரும்புகிறது என்பதை வைத்து, விமானிக்கு எத்தனை தூரம் கண் தெரியும் என்று அளக்கிறார்கள். நல்ல விஷயம்.

கீழே ஒருவரின் கமெண்ட்: "அந்தக் காலத்துல மனுசக் கண்ணே போதும். மெசின் எதுக்கு?"

அந்தக் கண்ணை வைத்து வேலை பார்த்தவன் நான்.

அறுபதுகளின் நடுவில், ரெட்டியார்சத்திரம் பக்கம் பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானத்துக்காக ஒரு மண் ஓடுதளம் போட்டிருந்தார்கள். நானும் சீனியர் சூசை அண்ணனும் அங்கே பரண் மேல் நின்று வானிலை பார்ப்போம். (பனி பார்க்கச் சம்பளமா என்று சிரிக்காதீர்கள்.)

ஒரு மைல் தள்ளி ஒரு புளியமரம். அது தெரிந்தால் விமானம் ஏறலாம். தெரியாவிட்டால் கூடாது.

ஒரு மார்கழிக் காலை. மரம் இருந்த பக்கம் முழுக்க வெள்ளை.

கீழே என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்த விமானி, கோயமுத்தூர்க்காரர், கத்திக் கேட்டார்: "ஏனுங்க, மரம் தெரியுதுங்களா?"

"தெரியுது, கெளம்புங்க" என்றார் சூசை அண்ணன். வானிலை ரிஜிஸ்டரிலும் எழுதிவிட்டார்.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"தெனமும் தெரியிற மரந்தானலே. இன்னைக்கு மட்டும் எங்க போயிருக்கும்?"

"வெறகுக்குப் போயிருச்சுண்ணே. நேத்து சாயங்காலம் வெட்டி வண்டியில ஏத்துனாங்க, நானே பாத்தேன்."

அண்ணன் ரிஜிஸ்டரைத் திருத்தவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பரணிலிருந்து குதித்து ஓடி, விமானத்துக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

என்ஜின் நின்றது. விஷயத்தைச் சொன்னேன். விமானி கீழே இறங்கி வந்தார்.

"வீட்ல ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க" என்றார். பிறகு பரணை நிமிர்ந்து பார்த்தார். "வெளிநாட்டுல லேசர்னு ஒரு வெளிச்சத்த வச்சு மேகத்தையும் பனியையும் அளக்கறாங்களாம், பத்திரிகைல படிச்சனுங்க. அது வந்தாத்தானுங்க எங்களுக்கெல்லாம் உசுரு மிஞ்சும்."

மறுநாள் மெமோ வந்தது. அனுமதியில்லாமல் பரணை விட்டு இறங்கினேனாம். மெமோ எனக்கு. அண்ணனுக்கு ஒன்றுமில்லை. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மெமோ வந்த அன்றும் அதே பனி. மெமோவில் கையெழுத்துப் போட்டுவிட்டு ரிஜிஸ்டரைத் திறந்தேன். அண்ணன் அன்றைய குறிப்பை அழகாக எழுதி வைத்திருந்தார்:

"புளியமரத்தின் அடிக்கட்டை தெரிகிறது."