ஜாதிக்காய்க்காக லைனில் இருந்தவர்

சந்திரசேகரனின் வேலைக்காலம் முழுவதும் ஜார்ஜ் டவுனில் ஒரு பெரிய ஹோட்டலின் டெலிபோன் அறையில் கழிந்தது. மூன்றாவது மணி அடிப்பதற்குள் போனை எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். மற்றவர்கள் அந்தச் சட்டத்தை யூனிபார்மோடு கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவரால் முடியவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் பக்கத்து வீட்டில் போன் அடித்தால் இவர் கை நீளும். கோயிலில் பூசை மணி அடித்தால் "குட் மார்னிங்" தொண்டை வரைக்கும் வந்து நிற்கும்.

மனைவி நல்லம்மாள் இதற்கு நேர் எதிர். "நல்லம்மா" என்று ஒரு தடவை கூப்பிட்டால் பதில் இருக்காது. இரண்டாவது தடவையும் இருக்காது. மூன்றாவது தடவைக்குத்தான் அடுப்படியிலிருந்து குரல் வரும்: "காது இருக்கு, கத்தாதீங்க." ஆனால் மகள் ஷர்மினி "அம்மா" என்று ஒரே ஒரு முறை முனகினால் போதும், கரண்டியோடு ஓடி வந்துவிடுவார். இந்த அநியாயத்தைப் பற்றி சந்திரசேகரன் வருஷக்கணக்காக முறையிட்டார். தீர்ப்பு வருவதற்குள் நல்லம்மாள் போய்விட்டார்.

முதல் வருஷப் படையல் ஞாயிற்றுக்கிழமை. இலையில் நல்லம்மாளுக்குப் பிடித்ததெல்லாம் இருக்க வேண்டும். மீன் சம்பால், உளுந்து வடை, பால் ஊற்றாத கோப்பி. இவற்றில் சிக்கல் இல்லை. சிக்கல் ஜாதிக்காய் ஜெருக்கில் இருந்தது. தோலோடு நறுக்கி, உப்பிலும் சர்க்கரையிலும் ஊறப்போட்டு, மிளகாய்த்தூள் தூவிய அந்தப் புளிப்பு ஜெருக்கை நல்லம்மாள் சூலியா தெருவில் மீரா சாகிப் கடையில் மட்டும்தான் வாங்குவார். வாயில் போட்டதும் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். வேறு கடையிலிருந்து வாங்கி வந்தால், "இது மிட்டாய்" என்று தள்ளி வைத்துவிடுவார். கடைசியாக ஆஸ்பத்திரியில் கேட்டதும் அதைத்தான். டாக்டர் வேண்டாம் என்றார். சந்திரசேகரன் டாக்டர் பேச்சைக் கேட்டார். இலையில் மிட்டாயை வைக்க அவருக்கு மனம் வராததற்கு அதுவே காரணம்.

மீரா சாகிப் காலமான பிறகு கடையை மூடிவிட்டார்கள். வியாபாரம் இப்போது பேஸ்புக்கில் என்று கதவில் ஒட்டியிருந்தது. அதிலிருந்த போன் எண் செத்துப் போயிருந்தது. சந்திரசேகரன் ஒரு விரலால் எழுதினார்: "ஐயா, வணக்கம். தோலோடு கூடிய புளிப்பு ஜாதிக்காய் ஜெருக் கிடைக்குமா? அன்புடன், சந்திரசேகரன்."

விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது. "உங்கள் செய்தி கிடைத்தது. மிக்க நன்றி. விரைவில் பதில் தருகிறோம்." பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ.

அவர் அசந்துபோனார். இவ்வளவு சுறுசுறுப்பை ஹோட்டலில்கூடப் பார்த்ததில்லை. "நன்றி. காத்திருக்கிறேன்" என்று எழுதினார். "உங்கள் செய்தி கிடைத்தது. மிக்க நன்றி" என்று வந்தது. ரோஜாவும் வந்தது. மரியாதைக்கு மரியாதை செய்யாமல் விடலாமா? "பரவாயில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்" என்றார். மறுபடியும் ரோஜா.

வேலை முடிந்து வந்த ஷர்மினி அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தாள். அவள் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியர். சர்க்யூட் போர்டு சரியாக இருக்கிறதா, கோளாறா என்று இரண்டே சொல்லில் முடிக்கிற வேலை. அம்மா போன பிறகு வீட்டிலும் அதே அளவுதான் பேசினாள்.

"இது ஆள் இல்லப்பா. மெஷின்."

"மெஷினா? என்ன பணிவா பேசுது பாரு."

"யார் எது கேட்டாலும் இதையேதான் சொல்லும்."

"நானும் அப்படித்தானே சொன்னேன்? 'ப்ளீஸ் ஹோல்ட் த லைன்'. அதுக்காக நான் மெஷினா?"

"நீங்க திரும்பி வந்து பேசுவீங்க. இது வராது."

அது உண்மைதான். ஒரு சாயங்காலம் யாரையோ லைனில் நிறுத்திவிட்டு ஷிப்ட் முடிந்து பஸ் ஏறியவர், கொம்தார் வந்ததும்தான் ஞாபகம் வந்து, இறங்கி ஹோட்டலுக்கு நடந்தே திரும்பினார். அந்த ஆள் எப்போதோ போனை வைத்துவிட்டிருந்தார். மறுபடி கூப்பிட்டாலும் கூப்பிடுவார் என்று இவர் இரவுச் சாப்பாடு வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்டவரிடம் போய், "விரைவில்" என்று சொன்னவன் வரமாட்டான் என்றால் எப்படி ஏற்பார்?

ஷர்மினி வேறு கடைகளுக்கு எழுதினாள். ஒரு கடை பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது. இன்னொன்று "எந்த ஏரியா?" என்று கேட்டது. ஏரியாவைச் சொன்னதும் காணாமல் போனது. மூன்றாவது கடை, இருக்கிறதா என்று கேட்டதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது.

"இருக்குங்கறானா, இல்லேங்கறானா?" என்றார் சந்திரசேகரன்.

"விரல் இருக்குங்கறான்."

ஒரு வருஷத்தில் அவள் அடித்த முதல் ஜோக் அது. அவர் சிரித்தார். சனிக்கிழமை வந்துவிட்டது.

"கிளம்புங்க, நேர்ல போவோம்," என்று கார்ச் சாவியை எடுத்தாள்.

"கூப்பிடறேன்னு சொன்னவங்க வீட்டுக்கு நாமளே போய் நிக்கறதா? லைன் கட்டாயிடும்லாஹ்."

"ஆகட்டும்."

சூலியா தெருவில் மூடிய கடைக்குப் பக்கத்தில் பணம் மாற்றும் ஷேக் அலாவுதீன், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "சாகிப் மருமக ரோஹானாதான் இப்ப ஜெருக் போடுது. பாலிக் புலாவ்ல வீடு. பாசார் தாண்டி பச்சை கேட். அது சரி, போன் பண்ணிட்டுப் போகக் கூடாதா சேகரு?"

சந்திரசேகரன் போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

பச்சை கேட்டுக்குள் ரோஹானா முறத்தில் ஜாதிக்காயைப் பரப்பிக்கொண்டிருந்தார். பேஸ்புக் என்றதும் தலையில் கை வைத்தார்.

"அத ஏண்ணே கேக்குறீங்க! எங்க இர்வான் வச்சது. ஜொகூருக்கு வேலைக்குப் போனவன் பாஸ்வேர்ட மறந்துட்டானாம். நானே எழுதிப் பாத்தேன், 'டேய், இத மூடுடா'ன்னு."

"என்ன சொல்லிச்சு?"

"'மிக்க நன்றி'ன்னுச்சு. ரோஜாப்பூ வேற. என் மகன்கிட்டேருந்து எனக்கு நன்றின்னு வந்தது அந்த ஒரு வாட்டிதான்."

ஷர்மினி இர்வானின் எண்ணை வாங்கி அடித்தாள். ஸ்பீக்கரில் மணி போனது. சந்திரசேகரன் விரல் விட்டு எண்ணினார். ஒரு கை விரல் தீர்ந்து மறு கைக்குப் போனார். யாரும் எடுக்கவில்லை.

"எங்க ஹோட்டலா இருந்தா இவனுக்கு விளக்கம் கேட்டு ஷோ-காஸ் லெட்டர்தான்," என்றார்.

"யாருமே கேக்கலியே, ஜனங்களுக்கு ஜெருக்கே புடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன்," என்றார் ரோஹானா. "தோலோட போடறத விட்டே மாசமாச்சு. இனிப்புதான் இருக்கு. தரட்டா?"

சந்திரசேகரன் முறத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இனிப்பு வேணாம்மா. அவ மிட்டாய்னுடுவா. நாளைக்குப் படையல்."

"யாருக்குண்ணே?"

"சம்சாரத்துக்கு. சாகிப் கடைக்குத்தான் வருவா. வாங்கினதும் அங்கேயே ஒண்ண வாயில போட்டுக்கிட்டு…" அவர் சொல்லி முடிக்காமல் ஒரு கண்ணை மூடிக் காட்டினார்.

ரோஹானாவின் கை நின்றது. "அந்த அக்காவா?" என்றார். உள்ளே போனவர் சமையலறையில் பாத்திரங்களை உருட்டும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் கால்வாசி நிறைந்த ஒரு பாட்டில். "வீட்டுக்குன்னு எடுத்து வச்சது. தோலோடதான். கொண்டு போங்க."

ஞாயிறு மத்தியானம் இலை நிறைந்தது. காக்கைக்கு ஒரு சின்ன இலையில் சோறு, வடை, மேலே ஒரு துண்டு ஜாதிக்காய். ஏழாவது மாடி நடைவழிச் சுவரில் அதை வைத்துவிட்டு சந்திரசேகரன் குரல் கொடுத்தார். எதிர் பிளாக் தண்ணீர்த் தொட்டியில் ஒரே ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு இறக்கையைக் கோதத் தொடங்கியது.

"ப்ளூ டிக்," என்றாள் ஷர்மினி.

"இரு, ஒரு தடவைதானே ஆச்சு."

இரண்டாவது தடவை கூப்பிட்டார். காக்கை அசையவில்லை. மூன்றாவது தடவை, ஹோட்டல் குரலில், தெளிவாக, நிதானமாகக் கூப்பிட்டார். கோதல் நிற்கவில்லை. சுவரைப் பிடித்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றார். நாலாவது தடவை கூப்பிட்டு அவருக்குப் பழக்கமில்லை.

ஷர்மினி பக்கத்தில் வந்து நின்றாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "கா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அம்மா," என்றாள். ஒரே ஒரு முறை. முனகல்தான்.

காக்கை கிளம்பியது. நேரே வந்து சுவரில் இறங்கியது. சோற்றைத் தொடவில்லை. ஜாதிக்காய்த் துண்டைக் கவ்விக்கொண்டு தலையைத் திருப்பியது. ஒரு கண்தான் இந்தப் பக்கம் தெரிந்தது. மறு கண் மூடியிருந்ததா என்று தெரியவில்லை. பறந்துவிட்டது.

ஷர்மினி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சந்திரசேகரன் அப்போதுதான் சுவரிலிருந்து கையை எடுத்தார்.

"பாத்தியா?" என்றார். "நான் மூணு வாட்டி கூப்பிட்டேன். அப்பவும் உனக்குத்தான் வர்றா."