தாடை ஸ்டுடியோவில் யாரும் மூச்சு விடுவதில்லை

ஊரில் பாதிப் பேருடைய முகத்தை அவர் தொட்டிருக்கிறார். தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. போட்டோ எடுக்க வருபவரை ஸ்டூலில் உட்கார வைத்து, விளக்கைப் போட்டு, இரண்டு விரலால் தாடையைப் பிடித்து மயிரிழை அளவு கீழே இறக்குவார். "தாடை... தாடை... இன்னும் கொஞ்சம்... ம், அங்கேயே இருங்க." எத்தனையோ வருடமாக இதையே சொல்லிச் சொல்லி அவருக்குப் பெயரே தாடை என்று ஆகிவிட்டது. கடைப் பலகையில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதை எழுதிய பெயின்டரைத் தவிர யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

தொழில் புத்தி கடையோடு நின்றால் பரவாயில்லை. அவரிடம் அது நிற்காது. ஒரு முறை பஸ்ஸில் எதிர் சீட்டில் தூங்கியவர் முகத்தில் நல்ல வெயில் விழுந்தது. ஆனால் தலை கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்திருந்தது. இவர் கை சும்மா இருக்குமா? தாடையை நிமிர்த்தப் போய், அந்த ஆள் விழித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். இன்னொரு முறை துக்க வீட்டுக்குப் போனார். அழுதுகொண்டிருந்த சொந்தக்காரர்களை அவரை அறியாமலே உயரவாரியாக நிறுத்திவிட்டார். "நீங்க கொஞ்சம் பின்னால போங்க, உங்க தோள் மறைக்குது" என்று சொன்ன பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்கு உறைத்தது. பெரிய மனது பண்ணி அவர்கள் அடிக்காமல் விட்டார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ரசனை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கண் என்றால் அதுதான் கண். கடைக்கு எதிரே இருக்கும் தையற்காரர் நூலைப் பல்லால் கடிக்கும்போது முகம் ஒரு பக்கமாகத் திரும்பி, ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழும். தாடை வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். சலூனில் சவரம் முடிந்தவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துத் தனக்குத்தானே திருப்திப்படுவதைப் பார்ப்பார். ஓடி வந்து பஸ்ஸைப் பிடித்த பெண்பிள்ளை சீட் கிடைத்ததும் கண்ணை மூடித் திறப்பதைப் பார்ப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் அத்தனையும் ஒப்பிப்பார்.

"அந்தத் தையற்காரர் இருக்காரே, என்ன ஒரு முகம் தெரியுமா?"

"அப்ப அவரை எடுக்க வேண்டியதுதானே?"

"எடுத்தேனே. கடையில உட்கார வெச்சா பொணமாட்டம் உட்கார்ந்துட்டாரு."

அதுதான் அவருடைய நெடுநாள் மனக்குறை. ஜனங்கள் நாள் பூரா அழகாக இருக்கிறார்கள். ஸ்டுடியோ வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிறார்கள். குற்றமெல்லாம் ஜனங்களுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

மனைவி ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வார்டுக்குள் நுழைந்தால் கசங்கிய போர்வைகூடத் தானே நேராகிவிடும் என்று சொல்வார்கள். அவளைத் தலைமை நர்ஸாக ஆக்கினார்கள். ஆஸ்பத்திரி நடையில் முன்பிருந்த தலைமை நர்ஸுகள் மூன்று பேரின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. நான்காவதாக அவள் படம் மாட்ட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் கொடுங்கள் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மூன்று படத்தையும் எடுத்தவர் யார் என்று கேட்கவே வேண்டாம்.

"மூணு பேரும் ஊசிக்குப் பயந்தவங்க மாதிரி முழிக்கறாங்க" என்றாள் மனைவி. "நர்ஸே இப்படிப் பயந்தா நோயாளி என்ன ஆவான்? நான் ரிட்டயர் ஆன பிறகும் அங்கேதான் தொங்குவேன். வலியோட வர்றவங்க என்னைப் பார்த்தா கொஞ்சம் தைரியம் வரணும். அப்படி எடுத்துத் தாங்க. முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க."

அவருக்குச் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் எடுத்த படம் ஒன்றுகூட உருப்படியாக வந்ததில்லை. எல்லாவற்றிலும் யாரோ ஒரு கண்டிப்பான பெரியம்மா உட்கார்ந்திருப்பாள். வீட்டில் வளைய வரும் முகம் எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று அவருக்குப் புரிந்ததே இல்லை. அந்த முகத்தை ஊர் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப ஆசை. இந்தத் தடவையும் கோட்டை விட்டால், இனி காமிராவைத் தூக்குவதில் அர்த்தமே இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

போதாத குறைக்கு மனைவியின் தம்பி வேறு வந்து சேர்ந்தான். சாப்பிடுவதற்கு முன்னால், சாப்பிடும்போது, சாப்பிட்ட பிறகு என்று தன்னையே போனில் எடுத்துக்கொள்கிற ஜாதி.

"விடுங்க மாமா. நான் போன்ல பட்டுனு எடுத்துடறேன். ஒரு தட்டு தட்டினா அக்காவுக்குப் பத்து வயசு குறைஞ்சிடும்."

"உங்கக்காவுக்கு வயசு குறைஞ்சா அப்பறம் உனக்கு அவ தங்கச்சி ஆயிடுவா. போடா அந்தப் பக்கம்."

வாரத் தொடக்கத்திலேயே அவளை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். பின்னால் சாம்பல் நிறத் திரை, இடது பக்கம் பெரிய விளக்கு, வலது பக்கம் வெள்ளை அட்டை. "தாடை" என்றார். இறக்கினாள். "சிரி" என்றார். சிரித்தாள். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், வரி கட்டச் சொல்லி வீட்டுக்கு வந்த அதிகாரி மாதிரி இருந்தாள். விளக்கை மாற்றினார், ஸ்டூலை மாற்றினார், திரையைக்கூட மாற்றிப் பார்த்தார். அதிகாரி மட்டும் மாறவில்லை.

சரி, வீட்டிலேயே மடக்கிவிடலாம் என்று திட்டம் போட்டார். மறுநாள் காலை அவள் மாடியில் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வெள்ளைப் போர்வை வழியாக வெயில் வடிந்து அவள் கழுத்திலும் காதிலும் விழுந்தது. ஏதோ பாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தாள். அடடா, இதுதான், இதுவேதான்! துண்டுக்குள் மறைத்து வைத்திருந்த காமிராவை எடுத்து, கதவுக்குப் பின்னால் பூனை போல நின்று கண்ணில் வைத்தார்.

"வேண்டாம்" என்றாள் அவள், திரும்பாமலே.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க மூச்சு நின்னுடுச்சு."

"என்னது?"

"மாடிப்படி ஏறி வந்தவரு புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுட்டு நின்னீங்க. திடீர்னு சத்தத்தைக் காணோம். நீங்க க்ளிக் பண்றதுக்கு முன்னாடி எப்பவும் மூச்சைப் பிடிப்பீங்க. அது கேட்டதுமே எனக்கும் மூச்சு நின்னுடும்."

பழைய காமிராவில், மங்கிய வெளிச்சத்தில், கை ஆடாமல் இருக்க மூச்சைப் பிடித்துப் பழகியவர் அவர். அதெல்லாம் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. இப்போதுள்ள காமிராவை வைத்துக்கொண்டு நடனமே ஆடலாம். ஆனாலும் மூச்சு நின்றால்தான் விரல் அமுங்கும், விரல் அமுங்க வேண்டுமானால் மூச்சு நிற்க வேண்டும் என்று உடம்பு ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தது. அவருக்கே அது தெரியாது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று மழுப்பினார்.

"நான் நர்ஸுங்க. மூச்சு எப்ப வருது, எப்ப நிக்குதுன்னு பார்க்கறதுதான் என் வேலை. கடைக்குப் போய் நீங்க எடுத்த படத்தையெல்லாம் ஒரு தடவை நல்லாப் பாருங்க. எல்லாருக்கும் தோள் எங்க இருக்குன்னு பாருங்க."

போய்ப் பார்த்தார். சுவர் நிறையப் படங்கள். மாப்பிள்ளைகள், வக்கீல்கள், பட்டம் வாங்கிய பெண்கள், பரிசு வாங்கிய பையன்கள். எல்லாருடைய தோளும் காதை நோக்கி ஏறியிருந்தது. கன்னம் லேசாக உப்பியிருந்தது. அவர் மூச்சை அடக்கிய ஒவ்வொரு முறையும் எதிரே உட்கார்ந்தவரும் என்னவோ ஏதோ என்று தானும் அடக்கியிருக்கிறார். மொத்த ஊரும் அவர் கடைச் சுவரில் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வரவேண்டிய விஷயம்தான், ஆனால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் ஜனங்களைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. தையற்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட யோசித்தார். எதற்கு என்று கேட்டால் விளக்கிச் சொல்ல முடியாது என்பதால் விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து மூச்சு விட்டுக்கொண்டே எடுக்கப் பழகினார். கேட்கச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? மூச்சு விட்டால் விரல் அமுங்க மறுத்தது. வலுக்கட்டாயமாக அமுக்கினால் கை உதறியது. ஒரு படத்தில் மனைவிக்கு இரண்டு மூக்கு வந்தது. இன்னொன்றில் அவளைக் காணவே காணோம், பின்னால் இருந்த திரை மட்டும் துல்லியமாக வந்திருந்தது. மைத்துனன் அதைப் பார்த்துவிட்டு, "இதையே மாட்டிடலாம் மாமா, அக்கா ரவுண்ட்ஸ் போயிருக்கான்னு சொல்லிக்கலாம்" என்றான். அவனை அடிக்க ஏதாவது கிடைக்கிறதா என்று தேடினார். கையில் காமிரா இருந்ததால் பிழைத்தான்.

வியாழக்கிழமை வந்துவிட்டது. கடைசி முயற்சி. வேலைக்குப் போகும் வழியில் அவள் சீருடையோடு ஸ்டுடியோவுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பதற்றத்தில் அவர் நின்றுகொண்டே ரொட்டியை அவசர அவசரமாக விழுங்கிவிட்டு வந்திருந்தார். விளக்கைப் போட்டார். காமிராவைக் கண்ணில் வைத்தார். அவளும் முதுகை நிமிர்த்தி அதிகாரியாக மாறத் தொடங்கினாள்.

"விக்" என்றது அவர் தொண்டை.

சற்றுப் பொறுத்துப் பார்த்தார். மறுபடி காமிராவைத் தூக்கினார். "விக்." காமிராவும் அவரோடு ஒரு குதி குதித்தது. மூச்சைப் பிடிக்கவும் வழியில்லை, விடவும் வழியில்லை. அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்... விக்... சேன்."

"ரொட்டியைத் தண்ணி இல்லாம முழுங்கியிருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?" அவள் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள். ஒரு மயிர்க்கற்றை நெற்றியில் விழுந்தது, அவள் கவனிக்கவில்லை. பாதி கவலையும் பாதி சிரிப்புமாக, அவர் மூக்கைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு நேராக அவரை நோக்கி வந்தாள். "ஒண்ணும் இல்ல, இப்பப் போயிடும். நான் இருக்கேன்ல? எங்கே, மூச்சை நல்லாப் பிடிங்க பார்ப்போம்!"

பிடித்தார். பிடித்த உடனே விரல் தன் பாட்டுக்கு அமுங்கியது.

விக்கலும் நின்றது. அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, நேரமாச்சு" என்று ஓடிப்போனாள். அவர் தனியாக உட்கார்ந்து அந்தப் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கினார். தாடை தூக்கியிருந்தது. பல் தெரிந்தது. தலை கலைந்திருந்தது. ஓரத்தில் நீட்டிய கை மங்கலாக விழுந்திருந்தது. அவர் தொழிலில் எதையெல்லாம் கூடாது என்று வைத்திருந்தாரோ அத்தனையும் அதில் இருந்தன. அவளும் இருந்தாள். அவர் வெகுநேரம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மங்கிய கையை ஓரத்தோடு நறுக்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் கை பரபரத்தது, ஆனால் மனசு வரவில்லை. அப்படியே அச்சுப் போட்டுச் சட்டம் மாட்டினார்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் படத்தை மாட்டினார். நாலு பேர் கை தட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகும் தாடை அங்கேயே நின்றார். காலில் மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தார். படத்தைப் பார்த்ததும் தள்ளி வந்தவரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"அட, அப்படியே இருக்காங்களே! ஊசி போட வரும்போது இதே முகத்தோடதான் சார் வருவாங்க. பாதி வலி அங்கேயே போயிடும்" என்றார் தாடையிடம். பின்னால் வந்த வயதான நோயாளியும், "எங்க வார்டுலயும் அப்படித்தான்" என்றார்.

தாடைக்குச் சந்தோஷம்தான். கூடவே உள்ளே என்னவோ புகைந்தது. இத்தனை காலமும் அந்த முகம் தனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். இங்கே என்னடா என்றால் எலும்பு முறிந்தவர், காய்ச்சல்காரர், எல்லாருக்கும் அது பழகிய முகமாக இருக்கிறது.

சாயங்காலம் இருவரும் பஸ்ஸுக்காக நின்றபோது கேட்டேவிட்டார்.

"உண்மையைச் சொல்லு. எல்லார்கிட்டயும் அந்த முகத்தோடதான் போவியா?"

"எந்த முகம்?"

"படத்துல இருக்கற முகம். அது நம்ம வீட்டு முகம்னு நினைச்சிட்டிருந்தேன்."

அவள் சிரித்தாள். "எனக்கு இருக்கறது அது ஒண்ணுதாங்க. உங்க ஸ்டூல்ல உட்கார்ந்தா மட்டும் வேற ஒண்ணைத் தேடுவேன்."

"ஏன்?"

"கட்டின பொண்டாட்டியைக்கூட ஒழுங்கா எடுக்கத் தெரியலைன்னு உங்களை நாலு பேர் சொல்லிடக் கூடாதுல்ல? ஆடாம அசையாம இருந்தா உங்களுக்கு நல்லா வரும்னு நினைச்சேன். அதான் நீங்க மூச்சைப் பிடிச்சா நானும் கூடவே பிடிச்சுக்குவேன். எத்தனை வருஷமா!"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூக்கு சிவந்தது, உதடு ஒரு பக்கம் கோணிக்கொண்டது, கண்ணாடிக்குள் கண் நிறைந்துவிட்டது. கைக்குட்டையைத் தேடி எல்லாப் பையிலும் கையை விட்டார். பஸ் வந்து நின்றது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவள் ஏறவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்த அப்படிப் பாக்கற?" என்று எரிந்து விழுந்தார்.

"அழகா இருக்கீங்க" என்றாள்.