போட்டு எனக்கு, இஞ்சின் அவனுக்கு

எங்க கல்யாணத்தப் பிரிக்க கோர்ட்டுக்குப் போன அன்னைக்கு, நானும் என் வூட்டுக்காரனும் ஒரே பஸ்ல தான் போனோம். காசிமேட்டுல இருந்து பாரீசு கார்னருக்கு அந்த நேரத்துக்கு வேற பஸ் இல்ல. நான் முன்னால முறைச்சுகினு குந்தினேன், அவன் பின்னால தொங்கிகினு வந்தான். கண்டக்டர் டிக்கெட் கேக்க சொல்ல பின்னால இருந்து கொரலு வருது: "பாரீசு ரெண்டு! முன்னால ஒரு லேடீசு!" பழக்கதோசம். எனக்கு சிரிப்பு பொத்துகினு வந்துச்சு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கினேன்.

ஆளு கெட்டவன் இல்ல, அத்த மொதல்ல சொல்லிடறேன். கை நீட்ட மாட்டான். ஆனா மீன் வித்த துட்டு சட்டைப் பையில ஏறுச்சோ இல்லியோ, தோஸ்துங்களுக்கு பிரியாணி, சாராயம்னு வாரி வுட்டுட்டு, வாசப்படியில வந்து காலிப் பையைத் தட்டிக் காட்டுவான். டெய்லி ஏலம் முடிஞ்சதும் அவன் எந்தப் பக்கம் திரும்புறான்னு பாத்துகினே நிப்பேன். தோஸ்துங்க நிக்கிற டீக்கடைப் பக்கம் திரும்பினா அன்னைக்கு எங்க வூட்டுல உலை கிடையாது. பாத்துப் பாத்தே கண்ணு பூத்துப் போச்சு.

எங்க சொத்து இன்னா பெருசா? மீன் புடிக்கிற ஃபைபர் போட்டு ஒண்ணு, அதுல மாட்டுற இஞ்சின், ஒரு டிவி, ஒரு கட்டில். போட்டு என் நகைய வித்து வாங்கினது, ஆனா இருக்குறது அவன் பேருல. இஞ்சின் மீன் யாவாரி குடுத்த கடன்ல வாங்கினது, அந்தக் கடன் பாதி அப்டியே கீது. போட்டு எனக்கு வரலன்னா நானும் என் பொண்ணும் வெறுங்கையோட நிக்கணும்.

ஜட்ஜம்மா பொறுமைசாலி. டிவி எனக்கு, கட்டில் அவனுக்குன்னு சட்டுனு முடிஞ்சுது. அப்பால சொன்னாங்க: "படகையும் இன்ஜினையும் வித்து, கடனை அடைச்சுட்டு, மீதியை ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாமே?"

"ஐயோ, விக்க வேணாம்மா!"

ரெண்டு பேரும் ஒண்ணா கத்தினோம். கோர்ட்டே சிரிச்சுது. "இவ்வளவு ஒத்துமையா இருக்கீங்க, எதுக்கு இங்க வந்தீங்க?"ன்னு கேட்டாங்க ஜட்ஜம்மா.

"இது தொழில் விசயம்மா"ன்னான் அவன். "எங்க கரையில போட்டு வேற, இஞ்சின் வேற. இஞ்சின எனக்கு வுடுங்க. போட்ட அவளே வெச்சுக்கட்டும்."

அவன் உள்கணக்கு எனக்கா தெரியாது? இஞ்சின் இல்லாத போட்டு வெறும் தொட்டி, பொம்பளை கடலுக்கா போகப் போறா, ரெண்டு நாள்ல நம்மகிட்டயே வந்து கெஞ்சுவான்னு அவன் நெனப்பு. என் வக்கீலு காதுகிட்ட வந்து, "வேணாம்மா, துட்டா கேளு"ன்னாரு. நான் கேக்கல. "போட்டு போதும்மா. இஞ்சின் கடனும் இஞ்சின் கூடவே போகட்டும்"னேன். அவன் குஷியா தலைய ஆட்டினான்.

வெளில வந்ததும் கேக்குறான்: "இன்னா, தொட்டியில துணி ஊற வைக்கப் போறியா?"

"நீ போய் இஞ்சினக் கட்டில்ல படுக்க வை"ன்னேன்.

மெய்யாலுமே படுக்கத்தான் வெச்சான். கரையில எல்லா போட்டுலயும் இஞ்சின் கீது, இவன் இஞ்சின எவன் மாட்டுவான்? யாவாரி வேற கடனக் கேட்டு அவன் வாசல்லயே நின்னாரு. என் போட்டும் மணல்ல கவுந்து தான் கெடந்துச்சு. அடுத்தவங்க மீன கூடையில சொமந்து வித்துகினு, உள்ளுக்குள்ள நானும் பயந்து தான் கெடந்தேன். ஒரு வாரம் போச்சு. ஒரு சாயங்காலம் தலையச் சொறிஞ்சுகினு வந்தான்.

"போட்ட எடுத்துக்கட்டா?"

"எடுத்துக்கோ. கரை வழக்கம் தெரியுமில்ல?"

தெரியாம இன்னா? மீன் வித்த துட்டுல எண்ணெய்ச் செலவு போக, போட்டுக்கு ஒரு பங்கு, இஞ்சினுக்கு ஒரு பங்கு, அப்பால தான் கடலுக்குப் போன ஆளுங்களுக்கு. போட்டுப் பங்க மொதல்ல எடுத்து ஓரமா வெச்சுட்டுதான் மத்ததுல கை வெப்பாங்க. அதுல எவனும் டபாய்க்க முடியாது. டபாய்ச்சா மறுநாளு கூட வர ஆளு கெடைக்காது. நான் பொண்டாட்டியா இருக்க சொல்ல எல்லாப் பங்கும் ஒரே சட்டைப் பையில தான் வுழுந்துச்சு. கோர்ட்டுல நான் புடிவாதமா போட்டு கேட்டது இதுக்குதான்.

மறுநாளு காலைல ஏலம் முடிஞ்சுது. ஆளுங்க சுத்தி நிக்கிறாங்க. அவன் தான் பங்கு பிரிச்சான். மொதப் பங்க எடுத்து, அத்தன பேருக்கு நடுவுல என்கிட்ட நீட்டினான்.

"போட்டுக்காரம்மா, உன் பங்கு."

அத்தன வருசம் என்ன "ஏ, இந்தா"ன்னு கூப்ட வாயி. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு, முந்தானையால மூஞ்சியத் தொடச்சுகினேன். துட்ட சுருக்குப் பையில போட்டு இறுக்கிக் கட்டினேன். பக்கத்துல கூடை வெச்சிருந்தவகிட்ட பேரம் பேசி, என் பொண்ணுக்குப் புடிச்ச இறா வாங்கினேன்.

அவன் மிச்சத்தப் பிரிச்சுட்டு தோஸ்துங்களோட கெளம்பினான். எந்தப் பக்கம் திரும்பினான்னு நான் பாக்கவே இல்ல.