முனியாண்டியிடம் பேரம்

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், சுங்கை ரம்பாய் பக்கம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால், ரப்பர் மரங்கள் தொடங்கும் இடத்தில் முனியாண்டி இருந்தார். கட்டடம் ஒன்றும் கிடையாது. ஒரு கல், ஒரு சூலம். காலையில் மரத்தில் பால் வெட்டப் போகும் அப்பாதான் அவருக்குப் பூசாரி.

திருவிழாவில் கிடா வெட்டி, கள்ளும் சுருட்டும் படைப்போம். கூடவே மண் சிலும்பியில் ஒரு சிட்டிகை கஞ்சா புகையும். ஊரிலிருந்து கப்பலில் வந்த வழக்கம் அது. சாமி சாப்பாடு, யாரும் தப்பாக நினைத்ததில்லை.

அந்த வருசம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வந்து சொல்லிவிட்டுப் போனார். கஞ்சா கண்ணில் பட்டால் போலீஸ் வரும், படைக்கிற பூசாரியைத்தான் பிடிக்கும் என்று. அப்பா ஜெயிலுக்குப் போனால் வேலையும் போகும், லயத்து வீடும் போகும்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. கள்ளுக்கடையைத் தோட்டமே நடத்தியது. டவுனில் அபினியை வெள்ளைக்கார அரசாங்கமே விற்றது. பக்கத்து வீட்டு அக்கா வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். அவரிடம் கேட்டேன்.

“எங்க பூசையில சாமியாரு ஒயின் குடிக்கிறாரு. எந்தப் போலீசும் வந்து கேட்டதில்லலா” என்றார்.

“அப்ப எங்க சாமிக்கு மட்டும் ஏங்க்கா கூடாது?”

“அத தொரைகிட்டப் போய்க் கேளு, நல்லா சொல்லுவாரு.”

தோட்டத்தை ஆளும் வெள்ளைக்காரத் துரையிடம் யார் கேட்பது? அப்பாவுக்குப் போலீசை நினைத்தாலும் பயம், முனியாண்டியை நினைத்தாலும் பயம்.

திருவிழா அன்று அப்பா சிலும்பியை வைக்கவில்லை. மேளம் அடித்ததும், வழக்கம்போல் கடைசி வீட்டு மாமா மேல் முனியாண்டி இறங்கினார். படையலைப் பார்த்தார்.

“எங்கடா என் புகை?”

அப்பா கற்பூரத் தட்டோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“சுருட்டுல இருக்கே சாமி, புகை.”

“அது வேற. எனக்கு என் புகைதான் வேணும்.”

“குடுத்தா உன் பூசாரியப் புடிச்சிட்டுப் போயிருவாங்க. அப்பறம் யாரு ஒனக்கு வெளக்கு வைப்பா? நீயே வச்சுக்குவியா?”

“அந்த வெள்ளக்காரன வரச் சொல்லு!”

“வந்தா இங்கிலீசுல பேசுவியா?”

யாரோ சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். முனியாண்டி சூலத்தைத் தரையில் குத்தினார். கொஞ்ச நேரம் உறுமினார்.

“அப்ப சுருட்டு இன்னுங் கூட வேணும்.”

“ஒரு கட்டு வைக்கிறோம்.”

“கள்ளும் கூட.”

“ஒரு மொந்த கூட. அதுக்கு மேல நீ குடிச்சா மாமாவுக்குத்தான் ஆகாது.”

முனியாண்டி தலையாட்டினார். அம்மா விடவில்லை, கையை நீட்டினாள்.

“சம்மதம்னா திருநீறு குடு. பின்னால பேச்சு மாறக் கூடாது.”

கொடுத்தார். அம்மா அதை வாங்கி அப்பா நெற்றி நிறையப் பூசினாள். அப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சாமியோடு நேருக்கு நேர் பேரம் பேசியவள் என் அம்மா. இதை நான் யாரிடமும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன்.

கூட்டம் கலைந்த பிறகு அவளிடம் கேட்டேன்.

“ஒத்துக்கிட்டது சாமியா, மாமாவாம்மா?”

“யாரா இருந்தா என்னடி? அப்பா வீட்ல இருக்காரு. போய் எலையப் போடு.”