டீக்கடையில் சொல்ல வைத்த சாட்சி

மரக்காணத்தில் ஊழியம் செய்தோம் என்றாலே எல்லோரும் சுனாமியைப் பற்றித்தான் கேட்பார்கள். எங்கள் சபைக் கொட்டகையைக் கடல் கொண்டுபோகவில்லை. அது கடலிலிருந்து தள்ளி, உப்பளத்துக்குப் போகும் பாதையில் இருந்தது. அதைப் பிரித்தவர் இடத்துக்காரர். அலைக்குப் பிறகு வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். அரிசி, போர்வை, பாத்திரம் எல்லாம் கொடுத்தார்கள், கூடவே ஜெபமும் செய்தார்கள். ஜெபத்துக்குப் போனால் போர்வை கிடைக்கும் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. எங்கள் கையில் ஒரு கைக்குட்டைகூட இல்லை என்பது இடத்துக்காரருக்கும் தெரியும். "எனக்கு எதுக்கும்மா வம்பு?" என்று சொல்லிக் கீற்றைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்.

என் கணவர் பாஸ்டர். எதற்கும் பதறாத மனிதர். வீட்டிலேயே கூடிக்கொள்ளலாம் என்றார். எங்கள் வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்தால் பதினோராவது ஆள் அம்மியின் மேல்தான் உட்கார வேண்டும். நான் கோபக்காரி, அவசரக்காரியும் கூட. மறுநாளே போய் டீக்கடைக்கார அம்மாவிடம் பேசி முடித்துவிட்டேன்.

அந்தக் கடை ஈ.சி.ஆர். ரோட்டிலிருந்து உப்பளத்துக்குத் திரும்பும் முனையில் இருந்தது. உப்பு வாரப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே அங்கே டீ குடித்துவிட்டுத்தான் பாத்தியில் இறங்குவார்கள். வெயில் ஏறியதும் வேலை முடிந்துவிடும். மத்தியானத்துக்கு மேல் கடை தூங்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த இடம் கிடைக்குமா என்று கேட்டேன்.

"தாராளமா வாங்க பாஸ்டரம்மா. ஆனா கடை எல்லாருக்கும் பொதுங்க. கூட்டம் நடக்குதுன்னு நான் யாரையும் வெளிய போன்னு சொல்ல மாட்டேன். டீ கேட்டா டீ போட்டுத்தான் குடுப்பேன்" என்றார் அந்த அம்மா.

எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? சபை வாசற்படி ஏற யோசிக்கிறவன்கூட டீக்கடைக்குள் யோசிக்காமல் வருவானே. நாங்களும் ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம். எதையும் இலவசமாகக் கொடுப்பதில்லை. அவரவர் டீக்கு அவரவர் காசு. போர்வைப் பேச்சை ஒழிக்க அதுதான் வழி என்று நினைத்தோம்.

உண்மையிலேயே நல்ல கூட்டம் அது. உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்த பெண்கள் பெஞ்சில் காலை மடித்து உட்கார்ந்துகொள்வார்கள். கஞ்சிரா ஒரு பக்கம், பாய்லர் சீறுவது ஒரு பக்கம். பிரசங்கத்தின் நடுவில் எவனாவது வந்து, "அக்கா, சர்க்கரை கம்மியா ஒண்ணு" என்பான். மளிகைக்கடை பாய் ஒருவர் தொழுகை முடித்துவிட்டு வழக்கமாக டீ குடிக்க வருவார். ஒரு நாள் என்னிடம், "போன வாரம் நல்லாத்தான் பேசினீங்கம்மா. பாட்டுதான் ஆளுக்கொரு ஊருக்குப் போவுது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார் என்று நினைத்தேன்.

டீக்கடை அம்மாவுக்கு ஒரே மகள். கணவர் உப்பளத்திலேயே காவலுக்கு இருந்தார், கடைப் பக்கம் அதிகம் வரமாட்டார். அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரு முறை எல்லோர் முன்னாலும் விழுந்ததோடு படிப்பை நிறுத்திக்கொண்டாள். பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள், ஒரு வேளையும் விடாமல் சாப்பிட்டாள். நாங்களும் வாராவாரம் தலையில் கைவைத்து ஜெபித்தோம். வலிப்பு குறைந்து, பிறகு வரவேயில்லை. எது நிறுத்தியது என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் இரண்டும்தான் என்று சொல்லியிருப்பேன். இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறேன். அப்படி நம்புகிறவள் ஏன் அப்படிச் செய்தேன் என்பதுதான் என்னை அரிக்கிறது.

அந்தச் சமயம் சென்னையிலிருந்து எங்கள் மூத்த போதகர் வருவதாகச் சொல்லியனுப்பினார். அவருக்கு டீக்கடைக் கூட்டம் பிடிக்கவில்லை. போனிலேயே என் கணவரிடம், "வடை சட்டி பக்கத்துல ஆராதனையா பிரதர்?" என்று சிரித்திருக்கிறார். என் கணவரும் கூடச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வாயடைத்துப் போகிற மாதிரி ஏதாவது காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் ஆட்களிடம் காட்டுவதற்கு என்ன இருக்கும்? சாட்சிதான். தேவன் எனக்கு இதைச் செய்தார் என்று ஒருவர் எழுந்து நின்று சொல்வது. ஒரு நல்ல சாட்சி பத்துப் பிரசங்கத்துக்குச் சமம் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். அந்த அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"எனக்கு நின்னு பேச வராதுங்களே" என்றார்.

"வீட்டுல பேசற மாதிரி பேசுங்க போதும். கர்த்தர் செஞ்ச நன்மையை மூடி வைக்கலாமா?" என்றேன்.

சொல்லிப் பார்த்தார். "சின்னதுலேர்ந்து அதுக்கு வலிப்பு வரும். பாண்டில மாத்திர குடுத்தாங்க, வுடாம சாப்ட்டுச்சு. பாஸ்டரம்மாவும் ஜெபம் பண்ணாங்க..."

நான் குறுக்கே விழுந்தேன். "மாத்திரையை விட்டுடுங்கம்மா. அதைச் சொன்னா எல்லாரும் மாத்திரையாலதான் சரியாச்சுன்னு போயிடுவாங்க."

பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் என்னைப் பார்த்தார். "அது பொய்யாயிடாதுங்களா?"

"பொய் எப்படி ஆகும்? சுருக்கிச் சொல்றோம், அவ்வளவுதான்."

அந்தப் பெண் பின்னால் தொட்டியருகே குந்தி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்திருக்கும். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு வானூர் பக்கத்திலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று நானும் போய்க் கேசரி தின்றுவிட்டு வந்தவள்தான். பையன் வீட்டுக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது, நிச்சயத்துக்கு நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அதெல்லாம் தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. என் மனசெல்லாம் சென்னைக்காரர் முகத்தில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூத்தவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். டீக்கடை அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார். நான் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார். மகள் விழுந்தது, நுரை தள்ளியது, தான் அழுதது, ஜெபம், அதோடு எல்லாம் நின்றது. மாத்திரை வரவேயில்லை. பெண்கள் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றார்கள். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன்.

ஓரத்துப் பெஞ்சில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பேப்பரை மடியில் வைத்தபடி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். புது ஆள். அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் மரியாதையாகத் தலையசைத்தார். கடைசிப் பாட்டுக்கு முன்னால் காசை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசி முடிக்கிறதுக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வராத சொந்தக்காரர் ஒருவரை ஊருக்குள் அனுப்பி வைப்பார்கள். அவர் டீக்கடையில் உட்கார்ந்து, டீ குடிக்கிற சாக்கில் குடும்பம் எப்படி, பெண் எப்படி என்று விசாரித்துக்கொண்டு போவார். இங்கே பெண் வீட்டுக் கடையே அந்த டீக்கடை. அன்று வந்த வெள்ளைச் சட்டைக்காரர் பையனின் சித்தப்பா. வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்க வேண்டிய அவசியமே அவருக்கு ஏற்படவில்லை. சபைக் கொட்டகை என்றால் அவர் உள்ளே வந்திருக்கவே மாட்டார். டீக்கடைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று மார்தட்டிக்கொண்டவள் நான்தானே.

ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வந்தது. அது சாக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். உண்மைக் காரணம் நாலு நாளில் தானாகவே வந்து சேர்ந்தது.

நான் கடைக்கு ஓடினேன். என்னைத் திட்டித் தீர்ப்பார் என்று தயாராகப் போயிருந்தேன். அந்த அம்மா டீயை ஆற்றி என் முன்னால் வைத்தார்.

"நிச்சயத்துக்கு முன்னாடி ஆஸ்பத்திரி சீட்டெல்லாம் எடுத்துக்கிட்டு, நானே போய்ப் பக்குவமா சொல்லலாம்னு இருந்தேங்க" என்றார்.

"அப்ப ஏம்மா அன்னிக்கு மாட்டேன்னு சொல்லல?"

"சாமி பேரைச் சொல்லிக் கேட்டீங்க. எப்படிங்க மாட்டேன்றது?"

எனக்கு அழுகை வந்தது. அழுவதற்குக்கூட வெட்கமாக இருந்தது. அந்த டீயை அன்று என்னால் குடிக்க முடியவில்லை.

என் கணவர், "அவங்களே உன்னை ஒரு வார்த்தை கேக்கல. நீ போய்க் கிளறாதே" என்றார். நான் கேட்கவில்லை. பஸ் பிடித்து வானூர் பக்கம் பையன் வீட்டுக்குப் போனேன். பையனின் அம்மா மட்டும்தான் இருந்தார். நான் யார் என்று சொன்னதும் உட்காரச் சொல்லி, மோர் கொண்டுவந்து கொடுத்தார். வலிப்பைப் பற்றி நான் ஆரம்பிக்கவே கையமர்த்தினார்.

"வலிப்பு வந்துச்சுன்றது எனக்குப் பெருசே இல்லம்மா. எங்க அண்ணனுக்கே இருந்துச்சு. மாத்திர போட்டுக்கினு நல்லாத்தான் இருக்காரு, பேரன் எடுத்துட்டாரு. ஆனா இந்தப் பொண்ணுக்கு வைத்தியமே பாக்கல, ஜெபத்துலயே வுட்டுட்டாங்கன்னு எங்க கொழுந்தனாரு வந்து சொல்றாரு. நாளைக்குத் திரும்ப வந்தா நான் யாருகிட்டப் போயி நிக்கறது?"

எந்த இரண்டு வார்த்தையை நான் வெட்டி எறிந்தேனோ, அந்த இரண்டு வார்த்தை இருந்திருந்தால் அவளுக்குக் கல்யாணம் நடந்திருக்கும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாத்திரை சாப்பிட்டாள், இன்றைக்கும் சாப்பிடுகிறாள், சொல்ல வேண்டாம் என்றது நான்தான், ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது, நாளைக்கே கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

"சீட்டு இருக்கட்டும்மா. அன்னிக்கு சாமி முன்னாடி நின்னே மறைச்சிருக்கீங்க. இன்னிக்கு என் முன்னாடி சொல்றத மட்டும் நான் எப்படி நம்புறது? மோரு குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க."

பஸ்ஸில் வரும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். எந்த இடத்தில் மறைத்தேனோ அந்த இடத்திலேயே எல்லோர் முன்னாலும் உடைத்துச் சொல்லிவிட வேண்டும். அதுதான் நியாயம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் மனசு கொஞ்சம் லேசானது. அந்த லேசை நினைத்தால்தான் இப்போது எனக்கு அதிகக் கூச்சமாக இருக்கிறது. அவளுக்காகச் செய்வதாக நினைத்துக்கொண்டு, பாரத்தை இறக்கி வைக்க நான் இடம் தேடியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை நிறைந்திருந்தது. விஷயம் பரவியிருந்ததால் வழக்கமாக வராதவர்களும் வந்திருந்தார்கள். என் கணவர் ஜெபித்து முடித்ததும் நான் எழுந்தேன். "இன்னிக்கு நான் சாட்சி சொல்லப் போறேன். போன தடவை இங்கே சொன்னதில் ஒண்ணு விட்டுப்போச்சு. விட்டது அந்த அம்மா இல்ல, நான். இந்தப் பொண்ணுக்கு..."

"நிறுத்துங்க" என்று குரல் கேட்டது.

அந்தப் பெண்தான். டீ கிளாஸ் அடுக்கிய கம்பித் தட்டைப் பிடித்தபடி நடுவில் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை மாதக் கூட்டத்தில் அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"வலிப்பு எனக்கு வந்துச்சு. அத நீங்க எல்லாருக்கும் சொன்னீங்க. மாத்திரையும் நான்தான் துன்றேன். அதையும் இப்ப நீங்களே சொல்லப் போறீங்க. சொல்லலாமான்னு ஒரு வார்த்த என்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

அவள் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெஞ்சில் இருந்த பாய் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம். இனிமே என்னைப் பத்திப் பேசாதீங்க" என்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர்தான் ஏதோ ஒரு பாட்டை எடுத்துக்கொடுத்துக் கூட்டத்தை முடித்தார். மழைக்காலம் வந்து உப்பளம் மூடும்வரை அதே கடையில் கூடினோம். சாட்சி சொல்லச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. அதன் பிறகு எங்களை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அவளுக்குப் பிறகு கல்யாணம் ஆனதா என்று எனக்குத் தெரியாது. விசாரித்தால் தெரிந்துவிடும். விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

அவளைப் பற்றி இனி பேசுவதில்லை என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். இப்போது இத்தனையும் எழுதிவிட்டேன். பெயரைப் போடவில்லை, கடையின் அடையாளத்தையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் எழுதலாமா என்று அவளிடம் கேட்கவில்லை.