ஏற்காட்டில் எடுத்த வீடு

சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்திருந்த அந்தக் கைபேசிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. திரையில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு வீடு. அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் ஏற்காடு ஏரி. அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நங்கையா. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். திருச்செங்கோட்டிலிருந்து பஸ் ஏறி வந்து வாசலில் செருப்பைக் கழற்றிய என்னை இருவருமே கொஞ்ச நேரம் கவனிக்கவில்லை.

"மாமாவக் கூட்டிக்கிட்டு ரெண்டு ராத்திரி தங்கறாப்பல ஊடு பாக்கறமுங்க. நீங்களும் வரோணும்" என்றார் நங்கையா.

நாமக்கல்லுக்கு வெளியே இருந்த எங்கள் கோழிப்பண்ணையை விட்டு அப்பா ஒரு ராத்திரி வெளியே தங்கி நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்தின்போதுகூட மண்டபத்திலிருந்து கிளம்பிப் பண்ணைக்குப் போய், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தவர். பள்ளிக்கூட நாட்களில் ஏரி பார்க்கப் போகலாம் என்று நான் கெஞ்சியபோதெல்லாம், "கோழிய உட்டுப்போட்டு எங்க சாமி வாரது" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. அம்மாவும் ஆசைப்பட்டுக் கேட்டிருப்பாள், அவளுக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு, அவளுக்கும் சேர்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். இப்போது அம்மா இல்லை. நாங்கள் அசைக்க முடியாத மனிதரை மருமகள் ஒரு படத்தைக் காட்டிக் கிளப்பிவிட்டார்.

நங்கையா அந்த ஏற்காட்டு வீட்டின் சொந்தக்காரரைப் போனில் பிடித்தார். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, மாமாவுக்கு முட்டி மடங்காது என்றார். சமைக்க விடுவீர்களா, ஓட்டல் காரம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். "கரண்ட் போனா பேட்டரி லைட்டு எரியுமுங்களா? ராத்திரில வெளிச்சம் இல்லீன்னா அவுருக்குத் தூக்கம் வராதுங்க."

அது எனக்குத் தெரியாத செய்தி. எப்போதிருந்து என்று கேட்டேன். நங்கையா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அத்தை போனதுலருந்துங்க" என்றார். பெற்ற மகள் நான். என் அப்பா இருட்டில் தூங்காமல் கிடப்பதை இன்னொருத்தி எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

பண்ணையைப் பார்த்துக்கொள்ள நங்கையா மோகனூரிலிருந்து தன் தம்பியை வரச் சொல்லியிருந்தார். எதிலாவது ஒரு குறை சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. அங்கே குளிர் அதிகம், அப்பாவுக்கு மூச்சு வாங்கும் என்றேன். "அதுக்குத்தான் ஸ்வெட்டர் வாங்கியாந்துட்டாளே" என்றார் அப்பா. அந்தக் குரலில் இருந்த பெருமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆனால் நான் இல்லாமல் அவர்கள் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் காட்சி பஸ் முழுக்கக் கூடவே வந்தது. வீட்டுக்குப் போனதும் நங்கையாவைப் போனில் கூப்பிட்டு, நானும் வாரேன் என்றேன். "உங்களையும் சேத்துத்தானுங்க மூணு ரூம் ஊடா பாத்தேன்" என்றார். அதற்கும் கோபம்தான் வந்தது.

ஏற்காட்டில் முதல் நாள் காலை எழுந்து ஜன்னலைத் திறந்தேன். அண்ணன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். கீழே தோட்டத்து பெஞ்சில் அப்பாவும் நங்கையாவும். ஏரி பனிக்குள் பாதி மறைந்திருந்தது. அப்பா பேசிக்கொண்டிருந்தார். கையை ஆட்டி, நடுவில் சிரித்து, நிறுத்தாமல் பேசினார். அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கண்டதே இல்லை. இறங்கிப் போனேன். என்னைப் பார்த்ததும் நங்கையா எழுந்து, "உக்காருங்க, காப்பி போட்டுட்டு வாரேன்" என்று இடம் விட்டார்.

நான் உட்கார்ந்தேன். அப்பாவின் பேச்சு நின்றுவிட்டது.

"குளுருதா சாமி?" என்றார். சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா என்பது போல என்னிடம் எப்போதும் கேட்கும் கேள்வி. இல்லை என்பேன், அத்துடன் முடிந்துவிடும். அன்று அதற்குப் பதில் சொல்லாமல், "அப்பறம் என்னாச்சுங்கப்பா?" என்றேன்.

அவர் ஏரியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அப்பறமென்ன. பாதி மலையிலயே உங்கம்மாளுக்கு வாந்தி. பஸ்ஸ நிறுத்தச் சொல்லி எறங்கிட்டோம். ரோட்டோரம் ஒரு பாறை மேல உக்காந்திருந்துட்டு, எதுக்கால வந்த பஸ்ல ஏறித் திரும்பிட்டோம். நீயெல்லாம் அப்பப் பொறக்கல. சேலத்துல எறங்குனதும் சிரிக்கறா. ஏரி எங்கீங்க போயிரப் போவுதுங்கறா."

ஆக, அவர்கள் ஒருமுறை இந்த ஏரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். யாருடைய ஆசை அது, அம்மா கேட்டாளா, அப்பா கூப்பிட்டாரா, பண்ணையை அன்று யார் பார்த்துக்கொண்டது? அதையெல்லாம் நான் இறங்கி வருவதற்குள் அவர் சொல்லி முடித்திருந்தார். திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் காபி வந்துவிட்டது.

இப்போது அப்பாவும் இல்லை. அந்தக் கதையின் முன்பாதி நங்கையாவிடம் மட்டும்தான் இருக்கிறது. கேட்டால் ஒரு வார்த்தை விடாமல், அப்பா சொன்னபடியே சொல்வார். என்னிடம் பேசாத அப்பா அவரிடம் எப்படிச் சொன்னார் என்பதையும் நான் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும். இன்னும் கேட்கவில்லை.